ஏழாம் சாட்சியின் தலையாட்டல்

ஸ்டுட்கார்ட்
14 நவம்பர் 2018

அக்கா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். இரண்டு வருடமாகப் பேசாதவனுக்கு அந்தச் சொல் சட்டென்று வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்று சாயங்காலம் ஹைகேவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல நம் ஊர் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிஸானோவ் வழக்கைக் காட்டினார்கள். சுங்க அதிகாரி மெதோதியை அவன்தான் அடித்துக் கொன்றான் என்று ஒரு சாட்சி சொல்கிறாராம். பெயர் வெளியே வரக்கூடாது, முகம் காட்டக்கூடாது, குரலை மாற்றித்தான் கேட்கவைக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. ‘சாட்சி எண் ஏழு’ என்றார்கள். வேறொரு அறையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாட்சியின் நிழல் மட்டும் நீதிமன்றத்துத் திரையில் தெரிந்தது. வழக்கு நாடு முழுக்கப் பேச்சாக இருப்பதால், அந்த நிழலை டிவியில் காட்டலாம் என்று நீதிபதியே அனுமதி கொடுத்திருக்கிறார். நல்ல உத்தரவு!

நடுவில் குரல் மாற்றும் இயந்திரம் பழுதாகிவிட்டது. மிச்சக் கேள்விக்குத் தலையை ஆட்டிப் பதில் சொன்னால் போதும் என்றார் நீதிபதி. ஹரிஸானோவின் வக்கீல் கேட்டார்: “அடையாள அணிவகுப்புக்கு முன்னாடியே என் கட்சிக்காரரோட போட்டோவை போலீஸ் உங்ககிட்ட காட்டினாங்களா?”

நிழல் முகவாயைக் கொஞ்சம் தூக்கியது. பிறகு இடவலமாகத் தலையை ஆட்டியது.

நம் ஊரில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள். நீதிபதியும் அப்படித்தான் எழுதவைத்தார். இங்கே ஜெர்மனியில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். அப்படி முகவாயைத் தூக்கிவிட்டு ‘இல்லை’ என்று ஆட்டுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அக்கா, அது நீயா? இல்லையென்றால் இதை அடுப்பில் போட்டுவிட்டு, என்னை நன்றாகத் திட்டி ஒரு வரி எழுது. நீ திட்டினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

யாவோர்


லோம்
23 நவம்பர்

அன்புள்ள யாவோர்,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் மகிழ்ச்சி. நீயும் ஹைகேவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. டான்யூப் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவந்து மதியம்வரை தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறது. முட்டைக்கோசு ஊறுகாய் பீப்பாயில் போட்டாயிற்று. நான் வேலை பார்க்கும் உணவகத்துக்கும் போட்டோம். கூட வேலை செய்யும் பென்காதான் உப்புக் கணக்கு, நான் நறுக்கினேன். தலைமைச் சமையல்காரர் ரங்கேலுக்கு முதுகுவலி. அந்த வழக்கைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. நீ டிவியில் என்ன பார்த்தாயோ தெரியவில்லை. நம் ஊரிலிருந்து வெளிநாடு போய் வந்தவர்கள் நிறையப் பேர்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹைகேவுக்கு என் வாழ்த்துகள்.

அக்கா தெமெனுகா


ஸ்டுட்கார்ட்
30 நவம்பர்

ஐயோ அக்கா,

நீ என்னைத் திட்டவில்லை. ஹைகேவுக்கு வாழ்த்து வேறு சொல்லியிருக்கிறாய். ஹைகேவுக்கு! பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், நீ மரியாதையாகப் பேசினால் அடிவயிறு கலங்கும் எனக்கு. தெரிந்துவிட்டது.

 இதைப் போனில் பேசப்போவதில்லை. ஊரில் போன் கடை ஹரிஸானோவின் மச்சானுடையது என்பது எனக்கு மறக்கவில்லை. தபால்தான் இன்னும் யாரும் கண்டுகொள்ளாதது.

உன்னைக் கேட்கிறேன், மெதோதி நமக்கு யார்? மாமனா, மச்சானா? துறைமுகம் ஹரிஸானோவுடையது, பாதி ஊர் அவனுடையது, நீ பாத்திரம் கழுவுகிற உணவகத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் அவனுடைய ஆட்கள். இத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்தது?

கோபத்தில் எழுதுகிறேன். கோபமில்லை, பயம். ஊரில் செத்தவர்களுக்குக் கறுப்புக் கட்டம் போட்டுப் படத்தோடு அறிவிப்பு ஒட்டுவார்களே, நேற்று கனவில் லோம் பேருந்து நிலையத்துத் தூணில் அப்படி ஒன்று. படத்தில் நீ. நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாய்.

சரி, ஒரு நல்ல விஷயம். பத்திரிகையில் எல்லாவற்றையும் படித்தேன். நீ ‘இல்லை’ என்று ஆட்டினாய், அவர்கள் ‘ஆம்’ என்று எழுதிவிட்டார்கள். போலீஸ் முன்கூட்டியே போட்டோ காட்டியது என்றாகிவிட்டால், நீ அடையாளம் காட்டியதே செல்லாது. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவன் வக்கீல் மனு போட்டிருக்கிறார். டிசம்பர் பதினெட்டில் அந்த மனுவுக்குத் தீர்ப்பாகும். அதுவரை பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாமாம்.

கேட்காதே, அக்கா. தப்பாக எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். உன் சாட்சியம் குப்பைக்குப் போகும். அதோடு ஏழாம் சாட்சி யார் என்று தேடுகிற வேலையும் யாருக்கும் இருக்காது. கடவுளே கொடுத்த பிழை அது.

பிறகு இங்கே வந்துவிடு. நீ இங்கே இருந்தபோது தங்கிய அறை காலியாகத்தான் இருக்கிறது.

யாவோர்


லோம்
9 டிசம்பர்

யாவோர்,

திட்டு வேண்டும் என்றாயே, வாங்கிக்கொள். அறிவுகெட்டவனே, பெயர் போட்டு, வழக்கைப் போட்டு, கனவைக்கூடப் போட்டு உறையில் ஒட்டி அனுப்புவாயா? தபால்காரி இவாங்கா நல்லவள், அதனால் பிழைத்தோம். அந்த நீல ஸ்வெட்டரை இனி எப்படிப் போடுவேன்?

ஆமாம். நான்தான்.

ஏப்ரல் மாதம். மதியக் கூட்டம் முடிந்துவிட்டது. பென்கா பீப்பாய் அறையில், ரங்கேல் ரேடியோவை வைத்துவிட்டு அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கழுவுதொட்டியில். மெதோதி பீன்ஸ் சூப் குடித்துவிட்டு, எப்போதும்போல் சமையலறை வழியாகப் பின்முற்றத்துக்குப் போனார். சைக்கிள் அங்கேதான் நிற்கும். “தெமெனுகா, இன்னிக்கு வினிகர் கொஞ்சம் தூக்கல்” என்றார். அதுதான் கடைசி. முற்றத்தில் ஹரிஸானோவ் நின்றான், கூட இரண்டு பேர். ஏதோ ஒரு சரக்குப் படகுக்குக் கையெழுத்துக் கேட்டான். மெதோதி முடியாது என்றார். ஹரிஸானோவ் அடியாளை ஏவவில்லை, யாவோர். அவனே படகுக் கொக்கியை எடுத்தான். ஜன்னலுக்கும் அவனுக்கும் இடையில் துணிக்கொடிதான் இருந்தது. நான் சத்தம் போடவில்லை. கையில் ஒரு தட்டு இருந்தது, அதைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கரையிலிருந்து வழுக்கி விழுந்தார் என்றார்கள். நாற்பதாம் நாள் மெதோதியின் மனைவி உணவகக் கதவில் அறிவிப்பு ஒட்ட வந்தாள். ‘எதிர்பாராத விபத்தில் எங்களைப் பிரிந்த’ என்று அச்சிட்டிருந்தது. “கொஞ்சம் இந்தப் பசைக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிறியா?” என்றாள். பிடித்துக்கொண்டேன். அவள் அந்த ‘விபத்து’ என்ற சொல்லின்மேல் கையால் தடவித் தடவி ஒட்டினாள். அந்த வாரமே பல்வலி என்று சொல்லி, பார்த்ததைத் தலைநகரில் போய்ச் சொல்ல சோஃபியா பேருந்தில் ஏறினேன். மெதோதி நமக்கு யார் என்று கேட்டாயே, யாருமில்லை. பசைக் கிண்ணத்தை நான் பிடித்தேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தலையைப் பற்றி. “உன் தலை இன்னும் லோம்லயே இருக்கு” என்று ஹைகேவின் அம்மா அப்பா முன்னால் சொல்லிச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா? அதற்காகவே கண்ணாடி முன்னால் நின்று கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன் போல. உடம்பு லோமுக்குத் திரும்பிவிட்டது, தலை ஸ்டுட்கார்ட்டிலேயே மாட்டிக்கொண்டது. சாதாரணமாக இருக்கும்போது சரியாகத்தான் ஆடுகிறது. பயந்தால்தான் ஜெர்மன் ஆகிவிடுகிறது.

அன்று நீதிபதி “சாட்சி ஆமென்று தலையசைத்தார் என்று எழுதுங்கள்” என்று சொன்னது என் அறையில் நன்றாகவே கேட்டது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் இயந்திரம் பழுது. வாயைத் திறந்தால் என் சொந்தக் குரல் மண்டபத்துக்குப் போகும், அங்கே ஹரிஸானோவ் உட்கார்ந்திருக்கிறான். காவலுக்கு இருந்த அதிகாரி வேறு விரலை உதட்டில் வைத்துக்காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். ஏப்ரலில் மூடியது போலவே.

திருத்தவேண்டுமா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞர் அம்மா கேட்டனுப்பியிருக்கிறார். கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீ சொன்னதையே நானும் நினைத்தேன், கடவுள் கொடுத்த பிழை என்று. எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது, யாவோர். ரொம்பவே இருக்கிறது.

இன்னொன்று. சமையலறையில் எனக்கு ‘ஜெர்மன்காரி’ என்று பெயர். அவசரத்தில் தலையை மாற்றி ஆட்டுவேன், பென்கா கேலி செய்வாள். டிவியில் காட்டிய மறுநாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஏன் நிறுத்தினாள் என்று யோசித்தாலே எனக்குக் குளிர்கிறது.

தெமெனுகா


ஸ்டுட்கார்ட்
17 டிசம்பர்

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். சனிக்கிழமை நம் ஊர்ச் சாமான் கடைக்குப் போனேன். முன்பின் பார்த்திராத ஒருவன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான். “லோம்காரர்தானே? அக்கா எப்படி இருக்காங்க? இன்னும் அந்தச் சமையலறையிலதானா?” என்றான். சிரித்த முகம். நான் கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருவேளை வெறும் விசாரிப்பாக இருக்கலாம். ஹைகே அப்படித்தான் சொல்கிறாள். நாளைக்கு மனுவுக்குத் தீர்ப்பு, இந்தக் கடிதம் அதற்குள் உன்னிடம் வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ பேசாமல் இருந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

யாவோர்


லோம்
20 ஜனவரி 2019

யாவோர்,

பேசாமல் இருக்கவில்லை.

பல்வலி மறுபடி வந்தது. இயந்திரத்தைச் சரிசெய்திருந்தார்கள். நீதிபதி கேட்டார், நான் வாயால் சொன்னேன்: “இல்லை. எந்த போட்டோவையும் யாரும் காட்டல.” கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். பதிவைத் திருத்த உத்தரவாகிவிட்டது. சாட்சியம் செல்லும். ஹரிஸானோவ் சிறையிலேயே இருக்கவேண்டும் என்றும் உத்தரவு. அரை நாள் எனக்குச் சந்தோஷம்.

பிறகு அவன் வக்கீல் எழுந்தார். அவர் கத்துகிறவரில்லை, மெதுவாகத்தான் பேசுவார். “கனம் நீதிபதி அவர்களே, ‘இல்லை’ன்னு சொல்றதுக்கு இடவலமா தலையாட்டுறவங்க நம்ம நாட்டுல யாரு? அன்னிக்கு அந்த ஜன்னல் பக்கம் இருந்தவங்க மூணே பேர். மூணு பேரையும் இங்க கூப்பிடுங்க” என்று மனுக் கொடுத்தார். அரசு வழக்கறிஞர் அம்மா எவ்வளவோ எதிர்த்தார். கடைசியில் வந்த உத்தரவு இது: ரங்கேல், பென்கா, நான், மூவரும் சாதாரண சாட்சிகளாக நேரில் வரவேண்டும். சொந்தப் பெயரில், திறந்த மண்டபத்தில், அவன் முன்னால். அன்று யாருக்கு வேலை, கதவு எந்தப் பக்கம் என்பது போன்ற கேள்விகள் மட்டும்தான். யார் என்ன பார்த்தார் என்றோ, யார் எந்த நாட்டில் இருந்தார் என்றோ, ஏழாம் சாட்சியைக் காட்டிக்கொடுக்கிற எதையும் கேட்கக்கூடாது.

கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். பார்க்கக்கூடாது என்று போடவில்லை. வக்கீலுக்கு என் பதிலா வேண்டும்? என் தலைதான் வேண்டும்.

விசாரணை பிப்ரவரி பத்தொன்பது. இப்போது ஊரைவிட்டு ஓடினால், நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். அதனால் ஸ்டுட்கார்ட் பேச்சை எடுக்காதே.

திங்கட்கிழமை காலை உணவகத்தின் பின்கதவில் ஒரு மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டம் இருந்தது, மேலே சிலுவை இருந்தது. பெயர் இல்லை. படம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. ரங்கேல் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பென்கா அதைக் கிழித்தெடுத்து, மீன் செதிலை அதில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கை கழுவப் போனவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

நீதான் வாத்தியார். பழையபடி ஆட்டச் சொல்லிக்கொடு. பயந்தாலும் மாறக்கூடாது, அப்படி.

தெமெனுகா


ஸ்டுட்கார்ட்
2 பிப்ரவரி

என் அக்கா,

கண்ணாடியை விட்டுவிடு. ஹைகேவை எதிரில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் யோசித்துத்தான் ஆட்டுவோம், அது உதவாது. வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது பழகவேண்டும். வெங்காயம் நறுக்கும்போது உன்னையே நீ கேள். மழையா? இல்லை என்றால் மேலும் கீழும். பசியா? ஆமாம் என்றால் இடவலம். வாய்விட்டுக் கேள். கேள்வி திடீரென்று வந்தால் முதலில் வாய் பதில் சொல்லட்டும், தலை கல்லாக இருக்கட்டும்.

இதை எழுதும்போது எனக்கே குழம்பிவிட்டது. இன்று வேலையில் மேற்பார்வையாளர் ஏதோ கேட்டார், நான் ஆட்டியதைப் பார்த்துவிட்டுத் தலைசுற்றலா என்று கேட்டார்.

அக்கா, உன் தலை லோமிலேயே இருந்திருக்கலாம். நான் சிரித்திருக்கக்கூடாது.

பத்தொன்பதாம் தேதி நான் வேலைக்குப் போகப்போவதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

உன் யாவோர்


லோம்
21 பிப்ரவரி

அன்புள்ள யாவோர்,

இந்த முறை ‘அன்புள்ள’ என்பதைப் பார்த்து அடிவயிறு கலங்காதே. நிஜமாகவே எழுதுகிறேன். மூவரையும் டிவியில் காட்டக்கூடாது என்று காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். நீ வெறும் சுவரையும் வாசலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஹரிஸானோவ் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தான். மெலிந்திருக்கிறான். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான், சந்தையில் கோழி பார்க்கிற மாதிரி.

முதலில் ரங்கேல். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, தலை இம்மியும் அசையவில்லை. எல்லாவற்றுக்கும் வாயால் “ஆமா”, “இல்ல”, “தெரியாது”. வக்கீல் அவரை விட்டுவிட்டார். ரங்கேல் இறங்கிவரும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்தது பென்கா. சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வக்கீல் ரொம்ப இதமாக, “களைச்சுப்போய்த் தெரியுறீங்களேம்மா, தண்ணி வேணுமா?” என்றார்.

பென்கா இடவலமாகத் தலையை ஆட்டினாள். முகவாயைக் கொஞ்சம் தூக்கிவிட்டு.

சேவகர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பென்கா அவரை முறைத்தாள். “வேணாம்னுதானேய்யா தலையாட்டினேன்? எதுக்குத் தண்ணி கொண்டாந்தே?”

 ஹரிஸானோவ் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். வக்கீல் காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க வெளிநாட்டுல...” என்று ஆரம்பித்தார். அரசு வழக்கறிஞர் அம்மா துள்ளி எழுந்தார். நீதிபதி “அந்தக் கேள்விக்கு அனுமதியில்லை” என்றார். ஆனால் பென்காவை யார் நிறுத்துவது?

“வெளிநாடா? நான் எங்க ஊர் ஆத்தைத் தாண்டி அக்கரைக்குக்கூடப் போனதில்ல. ஊர்ல யாரை வேணா கேளுங்க. எங்க சமையலறைல எல்லாரும் இப்படித்தான். கையில கத்தி, அடுப்புல எண்ணெ, வெளியிலேருந்து பத்து பேர் கத்துறான். தலை எந்தப் பக்கம் ஆடுதுன்னு பார்த்துக்கிட்டா இருப்போம்? வாயால கேளுங்க, வாயால சொல்றேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு சொல்லி எழுதவைத்தார்: “தலையசைவை வைத்து ஒருவர் சொல்லவந்த பொருளையோ அவர் பின்னணியையோ அறியமுடியாது என்பது இங்கேயே நிரூபணமாகிவிட்டதால், இனி இந்த வழக்கில் தலையசைவு பதிலாகக் கொள்ளப்படாது. சாட்சிகள் வாயால் மட்டுமே பதில் சொல்லவேண்டும். அதைக் குறித்த வாதமோ மனுவோ இனி ஏற்கப்படாது.”

அதன்பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார், அதுவும் ஏனோதானோ என்று. அவர் பார்வை முழுக்க பென்காமேல் இருந்தது. என் தலை என்ன செய்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

திரும்பிவரும் பேருந்தில் பென்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தாள். வெகுதூரம் வந்த பிறகு, “எப்பலேருந்து உனக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“டிவில பார்த்த அன்னிக்கே. ரெண்டு வருஷமா என் பக்கத்துல நின்னு ஆட்டுற தலை, எனக்குத் தெரியாதா?”

“ஏன்டி இப்படிச் செஞ்சே? இப்ப உன்னையில்ல பார்ப்பானுங்க?”

“கேக்காத” என்றாள். பிறகு விதைத் தோலைத் துப்பிவிட்டு, “ஒரு தலைன்னா தூக்கிடுவான். ரெண்டு தலைன்னா கொஞ்சம் யோசிப்பான்ல?” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

தீர்ப்பு வர இன்னும் எவ்வளவு காலமோ. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நேற்று மதியம் ஹரிஸானோவின் ஆள் ஒருவன் வந்து, பரிமாறும் ஜன்னலுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும். எதையும் சாப்பிடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பென்கா சூப் பானையில் கரண்டியை விட்டு எனக்கு நீட்டினாள். “ருசி பாரு. உப்பு போதுமா?” என்றாள்.

போதவில்லை. சொல்ல வாய் வரவில்லை, தலைதான் ஆடியது. இடவலமாக. ஆடி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜன்னலுக்கு அப்பால் அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

அடுப்படியில் இருந்த ரங்கேல் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று, தலையை நன்றாக இடவலமாக ஆட்டினார்.

“போதல” என்றார். “இன்னும் போடு.”

உன் அக்கா
தெமெனுகா